பர்மிட் இல்லாத மிளகு

"இது என்ன?" என்று கேட்டார் துறைமுகத்தின் விதைச் சோதனை அதிகாரி.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க சார்," என்றாள், ஒரு சின்னப் புட்டியை நீட்டிய இளம்பெண். பக்கத்தில் நின்ற பெரியவர் முகத்தை உர்ரென்று வைத்திருந்தார்.

அதிகாரி புட்டியிலிருந்த மணிகளைத் தட்டில் கொட்டி, லென்ஸ் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"மிளகு. நல்லாக் காஞ்சு போன மிளகு."

"நம்ம நாட்டுல விளைஞ்சதா இருக்குமோ?"

"யார் காதுல பூ சுத்தறீங்க? நம்ம பாலைவன நாட்டுல மிளகுக் கொடி ஒரு வாரம் தாங்காது. கடல் தாண்டித்தான் வந்திருக்கு. பர்மிட் எங்க?"

"இல்ல."

"இவ்வளவு தைரியமாச் சொல்றீங்க. கேஸ் எழுதிடுவேன்."

"தாராளமா எழுதுங்க. கடல் தாண்டி வந்ததுன்னு முதல் வரியிலயே போடுங்க."

பெரியவர் அவள் பையைப் பிடித்து இழுத்தார். "போதும்மா, வா போகலாம்."

அவள் நகரவில்லை.

அதிகாரி எழுத ஆரம்பித்தார். "கொண்டு வந்த ஆள் யாரு? சொல்லுங்க, இப்பவே பிடிக்கிறேன்."

"பிடிக்க முடியாது சார். அவர் செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. நாங்க தோண்டற குழியில, ஒரு பழைய அடுப்புக்குப் பக்கத்துல, உடைஞ்ச பானைக்குள்ள இது கிடந்துச்சு."

பேனா நின்றது.

"நிறுத்தாதீங்க சார், எழுதுங்க," என்றவள், அகழாய்வுத் தலைவரான அந்தப் பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் காலத்துல யாரு கடல் தாண்டிச் சாப்பாட்டுச் சாமான் வாங்கினாங்க, இங்கயே விளைஞ்சதுதான்னு சொல்லி என் அறிக்கையக் கிழிச்சுப் போட்டீங்களே. இப்ப இவர் எழுதறதையும் கிழிங்க, பாப்போம்."