அவசரமில்லாத பல்வலி

திறந்து ஒரு மாதமே ஆன அந்தப் பல் மருத்துவமனையில் இரண்டு பெரியவர்கள் காத்திருந்தார்கள். ஒருவர் கையில் குடை, மற்றவர் கையில் செய்தித்தாள். ஒரு வாரமாக இருவரும் அங்கே தினமும் பார்த்துக்கொள்கிறார்கள்.

கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்த ஒரு பெண், ஆள் இருப்பதைக் கண்டு உள்ளே வந்தாள்.

"டாக்டர் எப்படிங்க?"

"கை பட்டதே தெரியாதும்மா," என்றார் குடைக்காரர்.

"தங்கமான டாக்டர். நீங்க முதல்ல போங்க, எங்களுக்கு அவசரமில்ல," என்றார் செய்தித்தாள்காரர்.

அவள் டாக்டரின் அறைக்குள் போனதும் குடைக்காரர் திரும்பினார்.

"ஏன் சார், நேத்து இடது பக்கம் வலின்னீங்க. இன்னைக்கு வலது கன்னத்தைப் புடிச்சிட்டிருக்கீங்க?"

"உங்களுக்கு வாய் முழுக்கப் பல்செட்டு. அதுல எங்கங்க வலி?"

குடைக்காரர் சிரித்துவிட்டார்.

"டாக்டர் என் பொண்ணு சார். காலியா கெடந்தா யாரு வருவாங்க? ஒருத்தர் உக்காந்திருந்தாத்தான் அடுத்த ஆள் நுழையும். காதல் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு நாலு வருஷமா அவகூடப் பேசல. அதான் அவ வெளிய வர்றதுக்குள்ள நழுவிடுவேன். நீங்க?"

செய்தித்தாள்காரர் பேப்பரை மெதுவாக மடித்தார்.

"நானும் என் பையன் கல்யாணத்துக்குப் போகல. டாக்டர் என் மருமக."

அன்று இருவரும் நழுவ மறந்துவிட்டார்கள். அறைக் கதவு திறந்தது. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வந்த டாக்டர் அப்படியே நின்றுவிட்டாள்.

"ரொம்ப நேரம் காக்க வெச்சிட்டேனா?" என்றாள் அந்தப் பெண்.

"நாலு வருஷமாச்சும்மா," என்று எழுந்த குடைக்காரர், சற்று ஒதுங்கி வழிவிட்டார்.

"முதல்ல சம்பந்தி போகட்டும்."