ராமக்காவின் செம்மறி

சவுரியப்பன் வாத்தியார் உறையைப் பிரித்ததும், கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் முறத்தோடு நின்றுபோயின.

மாரண்டஹள்ளிக்குத் தெற்கே அந்த ஒற்றைத் தெருவில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் எவரும் இல்லை. பட்டாளத்திலிருந்து காயிதம் வந்தால் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் வரவேண்டும். அவர் வந்தால் தெருவும் வந்துவிடும்.

எல்லோருக்கும் முந்தி வந்து, ராமக்காவின் தோளோடு தோளை ஒட்டிக்கொண்டு நின்றவள் குள்ளம்மாள். பக்கத்து வீட்டுப் புருசன் தும்மினால் பெண்டாட்டிக்கு முன்னால் 'நூறாயிசு' சொல்லுகிறவள்.

"என்னங்க வாத்தியாரே, மோந்து பாக்கறீங்களா, படிக்கறீங்களா?"

வாத்தியாரின் கண் மட்டும் தாளில் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

நாலு மாதமாகக் காயிதம் இல்லை. ராமக்காவின் புருசன் மல்லையன் பர்மா எல்லையில் ஏதோ மலைக்காட்டில் இருக்கிறான். உசுரோடு இருக்கிறான் என்ற ஒரு சொல்லுக்காக ராமக்கா புதன்கிழமை தோறும் தபால்காரர் வழியில் போய் நின்று, வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தாள்.

இந்த மாதிரி வாழ்க்கைக்கெல்லாம் தெருவில் பெயர் உண்டு. புருசன் ஒரு சீமை, பெண்டாட்டி ஒரு சீமை என்றால் அது 'தபால் குடித்தனம்'. அவன் 'காயிதப் புருசன்'. லீவில் வந்து பத்து நாள் தங்கிப் போனால் 'மழைக்கு ஒதுங்கினவன்'. எல்லாம் குள்ளம்மாள் வைத்த பெயர்கள்தான்.

மல்லையனுக்கு மட்டும் தனிப்பெயர். 'ஆட்டுக்காரன்.'

அவன் காயிதத்தில் பெண்டாட்டியைப் பற்றி ஒரு வரி இருக்காது. 'இப்பவும் நான் க்ஷேமம். செம்மறி ராத்திரியில் கத்துகிறதா? தண்ணி குடிக்கிறதா? கயிறு பத்திரம்.' அவ்வளவுதான்.

ராமக்காவும் பதிலுக்கு, செம்மறி மெலிந்துவிட்டது என்று எழுதச் சொல்லுவாள். சுக்குத் தண்ணீர் ஊட்டினால் தேறும் என்று வாத்தியார் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்து அனுப்புவார்.

இத்தனைக்கும் ராமக்காவிடம் செம்மறி கிடையாது. வெள்ளாடும் கிடையாது. ஒரு கோழி இருந்தது. அதுவும் குள்ளம்மாள் வீட்டில் போய்த்தான் முட்டை போடும். பாலக்கோட்டில் தாய்வீட்டுக்காரர்களிடம் ஆட்டைக் குட்டியில் பாதி என்று வாரத்துக்கு விட்டிருப்பதாகச் சொல்லி, தெருவை நம்ப வைத்திருந்தாள்.

குள்ளம்மாள் நம்புகிற ஆளா? புளி உடைக்கப் போன இடத்தில் ஒருநாள் அவளிடமிருந்து உண்மையை நோண்டி நோண்டி வாங்கிவிட்டாள்.

அங்கே ஒருவன் எழுதித் தருகிறான். இங்கே ஒருவர் படித்துச் சொல்லுகிறார். நடுவில் சர்க்கார்க்காரன் வேறு பிரித்துப் பார்க்கிறான். இத்தனை காதுகளுக்கு மத்தியில் புருசனும் பெண்டாட்டியும் என்னதான் பேசிக்கொள்வது? ரயிலேறுவதற்கு முதல் நாளே இரண்டு பேருமாகப் பேசி வைத்துக்கொண்டதாம். செம்மறி என்றால் ராமக்கா. கத்துகிறதா என்றால், என்னை நினைத்து அழுகிறாயா.

கயிறு என்றால் என்னடி என்று கேட்டதற்கு மட்டும், "போக்கா அந்தப் பக்கம்" என்று ஒரு பிடி புளியங்கொட்டையை அள்ளி மேலே எறிந்தாள்.

எவளாவது மாங்காய் தின்றால் நல்லம்பள்ளி வரைக்கும் சேதி கொண்டுபோகிற குள்ளம்மாள், இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"என் அன்பில் சிறந்த ராமக்காவுக்கு," என்று ஆரம்பித்தார்.

முறங்கள் தரைக்கு இறங்கின.

மலைமேல் நிலா வருகிறதாம். அதில் அவள் முகம் தெரிகிறதாம். அவள் கிண்டிப் போட்ட களியின் ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லையாம். இனி ஏழு பிறவி எடுத்தாலும் அவளைத்தான் கட்டுவானாம். மறுபிறவியை நம்பாத வேதக்கார வாத்தியாரின் வாயில் ஏழு பிறவியும் தடங்கல் இல்லாமல் வந்தது.

"ஆட்டுக்காரனுக்கு இத்தன நாளா இந்த வாயி எங்கடி போயிருந்துச்சு?" என்று முனியாயி மூக்கைச் சிந்தினாள். நாலைந்து பேர் தங்கள் வீட்டுக்காரர்களை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள்.

குள்ளம்மாள் காத்திருந்தாள். அடுத்த வரியில் வந்துவிடும். சரி, அதற்கடுத்த வரியில்.

வாத்தியார் தாளை மடிக்கப் போனார்.

தன் தோளில் ஒட்டியிருந்த ராமக்காவின் தோள் கட்டையாக விறைத்துப்போயிருப்பது அப்போதுதான் குள்ளம்மாளுக்கு உறைத்தது.

"ஏனுங்க வாத்தியாரே," என்றாள் அவசரமாக. "அந்தச் செம்மறிய பத்தி ஒண்ணும் எழுதலீங்களா? நல்லா பாருங்க. இருக்கும். பின்னால திருப்பிப் பாருங்க!"

சொல்லிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்துக் கண்ணைக் கண்ணைக் காட்டினாள். இருக்கிறது என்று சொல்லித் தொலையேன் மனுசா.

இரண்டு வருசமாக அந்த வறட்டுக் காயிதங்களைப் படித்துப் படித்து, இந்தப் பெண்ணுக்கு ஒரு தரமாவது ஒரு நல்ல வார்த்தை வரக்கூடாதா என்று உள்ளுக்குள் வெந்தவர் அவர். கண் ஜாடை அவருக்கு எட்டவில்லை.

"ஆடு கீடு ஒண்ணும் இல்லம்மா," என்று சிரிக்க முயன்றார். "இந்தத் தடவை முழுக்க ராமக்காவைப் பத்தித்தான்."

ராமக்கா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"நல்லா படிச்சீங்க வாத்தியாரே. உங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்," என்றாள். "இப்ப அதுல எழுதியிருக்கறத படிங்க."