ஏன் என்ற கட்டம்

அவள் பெயரில்தான் இருந்தது.

ஆனால் அவள் எழுதியதல்ல.

விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, மறுபடி படித்தாள்.

‘என்ன மாற்றம்: சிறு திருத்தம். ஏன்: வேகம் கூட்ட.’

தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினை ஓட்டும் புரோகிராமில் யார் கை வைத்தாலும் இந்த இரண்டு கட்டத்தையும் நிரப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் சேமிக்காது. கமிட் மெசேஜ் என்பார்கள். பெயரையும் நேரத்தையும் அதுவே போட்டுக்கொள்ளும்.

அவள் எழுதினால் நாலு வரிக்குக் குறையாது. தகடு தடிமனாக வந்தது, அதனால் அழுத்தத்தைக் கூட்டினேன், சத்தம் மாறியது, கொஞ்சம் குறைத்தேன் என்று பக்கத்தில் நிற்பவளிடம் சொல்வதுபோல் எழுதுவாள். மெசேஜ் கேட்டால் இந்தம்மா கதை எழுதுது என்று சூப்பர்வைசர் குணசீலனே சிரித்திருக்கிறார்.

இது கதை இல்லை. சுருக்கம். சுத்தம். யாரும் குறை சொல்ல முடியாது.

அதுதான் உறுத்தியது.

மெசேஜில் பதிவான நேரத்தைப் பார்த்தாள். சாப்பாட்டு வேளை.

இன்றைக்கு அவள் டப்பாவை எடுக்கும் முன்பே குணசீலன் வந்து நின்றார். ஸ்கிரீனைப் பூட்டப் போனவளிடம், அப்படியே இருக்கட்டும், சோறு ஆறிப்போகும் என்றார்.

இத்தனை வருஷத்தில் அவள் சோற்றைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை.

மாற்றத்தைத் திறந்தாள். பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம். வலப்பக்கம் ஒரு வரியைக் காணவில்லை.

பாதுகாப்புக் கதவு மூடினால்தான் பிரஸ் இறங்கும் என்ற வரி.

அவள் வலது கை தானாக மடிக்குள் ஒடுங்கியது.

அடுத்த ஷிப்டு முனிரத்தினம்மா. தகடு கோணினால் சட்டென்று கை விட்டு நேராக்குகிறவள். கதவை நம்பி.

கை போனால் கம்ப்யூட்டர் யார் பெயரைக் காட்டும்?

காணாமல் போன வரியை அதன் இடத்தில் திரும்ப வைத்தாள்.

‘என்ன மாற்றம்: கதவு வரியைத் திரும்பப் போட்டேன். சாப்பாட்டு வேளையில் அதை எடுத்தது நான் இல்லை.’

ஏன் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒற்றை விரலால் தட்டினாள்.

‘முனிரத்தினம்மாவுக்குப் பத்து விரலும் இருக்கிறது.’

சேமித்தாள்.

பின்னால் பூட்ஸ் சத்தம். குணசீலன். கையில் டீ.

“போய் உக்காந்து குடிங்கம்மா. மெஷினை நான் பாத்துக்கிறேன்.”

டீயை வாங்கிக்கொண்டாள்.

இன்னொரு கையால் ஸ்கிரீனைப் பூட்டினாள்.

முதுகை மெஷினுக்குக் கொடுத்து, அவரைப் பார்த்து நின்றபடியே குடித்தாள்.