உறைந்த முகம்

வேங்கிக்கால் பிரவுசிங் சென்டருக்குள் மாலை வெயில் தூசியோடு மிதக்கிறது. ஒரே இணைய லைனுக்கு இரண்டு சர்வர்கள். ஒன்று படுத்தால் மற்றது தானே எழுந்துகொள்ள வேண்டும். சோதித்துப் பார்க்க, சென்டரைக் கவனித்துக்கொள்ளும் கவிநிலா முதல் சர்வரின் ஒயரைப் பிடுங்குகிறாள். "இருட்டறதுக்கு முன்னாடியே சாப்ட்டியாடா?" என்று பொழுது சாய்ந்தபின் உண்ணாத சமணத் தாய் ராஜமதி கேட்டதற்கு, சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் பேசும் மகன் பதில் சொல்ல வாய் திறந்தபடியே திரையில் உறைகிறான். ராஜமதியின் விரல் திரைக் கண்ணாடிமேல் ஊர்ந்து அவன் நெற்றி முடியை ஒதுக்குகிறது. ஜன்னலில் மலை மெல்லச் சிவக்கிறது. இரண்டாவது சர்வரில் பச்சை விளக்கு துடிக்கிறது, முகம் அசைகிறது. "சாப்ட்டேம்மா."

"ஒயரப் பிடுங்கிப் பாத்தேங்கம்மா, சரியா மாறிக்குது," என்று சிரிக்கிறாள் கவிநிலா.

ராஜமதி மைக்கைக் கையால் பொத்திக்கொள்கிறாள்.

"இன்னொரு வாட்டி பிடுங்கும்மா. ஆடாம இருந்தாதான் புள்ளய நல்லா பாக்க முடியுது."