பேட்ஜ் தைத்த பை

“இன்னைக்கும் கிழிச்சிருக்காக. பாத்தியாம்மா?”

கிருபை தன் நீலக் கான்வாஸ் பையைக் கொண்டுவந்து அம்மாவின் தையல் மெஷின் மேல் போட்டாள். பையின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு.

ஞானபாக்கியம் நிமிரவில்லை. கடைக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய பாவாடைத் துணியை உள்பக்கம் திருப்பி, மஞ்சள் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கோடு போடாமல் அவள் எதையும் வெட்டியதில்லை. அடுப்படிக்குப் பிடிதுணி வெட்டினாலும் முதலில் கோடுதான்.

“உங்கப்பாவ எதுத்துட்டு உன்னால ஆவுமாட்டி? பேசாம வீட்டுல கெட” என்றாள்.

அது போதும் கிருபைக்கு. பழைய யூனிபார்ம் சட்டையிலிருந்து பள்ளிக்கூட பேட்ஜைப் பிரித்தெடுத்தாள். வெட்டின் மேல் அதை வைத்து, பைக்குள் ஒரு கையை விட்டுத் துழாவித் துழாவித் தைத்தாள். ஊசி விரலில் ஏறியது. மெஷினில் ஓட்டினால் நிமிஷ வேலை. ஆனால் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் தான் வர முடியாது என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அந்த முதல் நாள், சிவகாசி கபடிப் போட்டிக்கு மறுநாள். கடைசி ரெய்டில் நடுக்கோட்டைத் தொட ஒரு சாண் இருக்கும்போது கிருபையை அமுக்கிவிட்டார்கள். அவளால்தான் அணி தோற்றது. முட்டித் தோல் பெயர்ந்து வந்தவளைப் பார்த்து, மில்லுக்கு ராத்திரி ஷிப்டு கிளம்பிக்கொண்டிருந்த அப்பா கிறிஸ்துராஜ், “போதும்ட்டி. விட்டுரு” என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். அவளுக்கும் விட்டுவிடத்தான் தோன்றியது. இனி ஆடப் போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பையை மூலையில் எறிந்துவிட்டுப் படுத்தாள்.

விடிந்து பார்த்தால் பையில் வெட்டு. அவள் கண் விழிக்குமுன் ஷிப்டு முடிந்து வந்து படுத்திருந்தார் அப்பா. ஜன்னலில் அவருடைய சவர பிளேடு. வேறு யாரிடம் போய்க் கேட்பது?

தானாக விடுவது வேறு, இன்னொருவர் விட வைப்பது வேறு. சிவகாசியில் கொடுத்த துணி பேட்ஜை அந்த வெட்டின் மேல் தைத்து, பையை மாட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள். மாநில அணித் தேர்வுக்கான பயிற்சி அங்கே நடந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சில்லை. வெட்டு விழ விழ பேட்ஜ் ஏறியது. சாத்தூர் போட்டியில் கொடுத்தது, விருதுநகரில் கொடுத்தது, தோழிகளிடம் கேட்டு வாங்கியது.

இடையில் சில நாட்கள் பை முழுசாகவே கிடந்தது. கிருபைக்கு ஏனோ சப்பென்று ஆகிவிட்டது. முட்டி வலிக்கிறது என்று ஒருநாள் போர்த்திப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் புது வெட்டு. அதைக் கண்டதும் வலி போன இடம் தெரியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே யோசித்தாள். தன்னை மைதானத்துக்கு இழுத்துப் போவது ஆட்டத்தின் மேல் ஆசையா, அப்பாவின் மேல் கோபமா? பதில் தெரிந்துவிடுமோ என்று பயந்து, யோசிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

தேர்வுக்காகத் திருச்சிக்குக் கிளம்பிய அன்று அப்பா தூங்காமல் வாசலில் நின்றார். கையில் ஏதோ காகிதப் பொட்டலம். கிருபை பையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

“நல்லாப் பாத்துக்கோங்க. இனி கிழிக்கக்கூட எடமில்ல. நான் போறேன். செலக்சன் ஆகிட்டுத்தான் வருவேன்.”

“ஏட்டி, நான் எதுக்கு…” என்று ஆரம்பித்தார் அப்பா.

“கெளம்புத நேரத்துல என்ன பேச்சு? பஸ் போயிரும்” என்று குறுக்கே புகுந்தாள் அம்மா. அவர் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி, ஊறுகாய் டப்பாவோடு பைக்குள் திணித்தாள்.

வழியில் பக்கத்து சீட்டிலிருந்த, அதே தேர்வுக்கு வரும் மம்சாபுரத்து அழகுத்தாய் பையைத் தடவிப் பார்த்தாள்.

“எம்புட்டு பேட்ஜுடி. இம்புட்டு மேட்ச்சா ஜெயிச்சிருக்க?”

“எல்லாம் ஒரே ஆளோட ஆடுனதுதான்” என்றாள் கிருபை. “எங்க வீட்டுக்குள்ளேயே.”

திருச்சியில் தங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊறுகாய் டப்பா திறந்துகொண்டு பையெல்லாம் எண்ணெய். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டாள். அப்பாவின் பொட்டலமும் நனைந்து கிழிந்திருந்தது. உள்ளே, ஆடும்போது முட்டியில் அடிபடாமலிருக்க மாட்டுகிற காப்பு உறை. புதுசு. ஒரு ஜோடி.

கிருபை அதைப் புரட்டிப் பார்த்தாள். அவருக்கு என்ன திடீர்ப் பாசம் என்று எரிச்சலாக வந்தது. அதைச் சுவரோரமாக வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்தாள். கழுவுவதற்காகப் பையை முதல்முறையாக உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள்.

எல்லா வெட்டுகளும் அங்கே வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு மஞ்சள் சாக்பீஸ் கோட்டின் மேலேயே, நூல் பிசகாமல் போயிருந்தது.

தண்ணீர் அதன் மேல் படுவதற்குள் கிருபை குழாயை மூடினாள்.