பன்னிரண்டு வோல்ட்

பாறசாலை எலக்ட்ரிக் கடையில், பியூஸான குளியலறைக் கூரைப் பல்பைக் கைக்குட்டையிலிருந்து எடுத்து வைக்கிறாள் பிரான்சிஸ்கா. கணவன் ரபேல் துபாயிலிருந்து கொண்டுவந்து பொருத்தியது. அவன் இறந்து நாளை நாற்பத்தொன்றாம் நாள். பூசைக்குப் பூவார் வீட்டில் ஆட்கள் கூடுவார்கள். "பன்னிரண்டு வோல்ட்டாக்கும். வெளிச்சம் ஒரே இடத்துல விழுமா, பரந்து விழுமா அக்கா?" என்கிறான் கடைக்கார உமேஷ். "ஓர்மையில்ல மக்கா." அவன் இரண்டு வகைப் பல்பையும் எடுத்து, துணியால் பிடித்து, ஒவ்வொன்றாகக் கார் பேட்டரியில் எரித்துக் காட்டுகிறான். முதல் வெளிச்சம் அவள் கழுத்துச் சிலுவையில் மட்டும் விழுகிறது. இரண்டாவது வெளிச்சம் அவள் முகம் முழுக்கப் பரவுகிறது, இமை அசையவில்லை. அணைத்த பல்பை வாங்கி வெறுங்கையால் பொத்திக்கொள்கிறாள். "ஐயோ அக்கா, விடுங்க, கை பொள்ளும்!" விரல்கள் விரியவில்லை. "சூடு உண்டா?" என்று அவனிடம் கேட்கிறாள்.