ஊர் எல்லையில் நாற்பது வீடுகள்

"கூட்டத்துல எதுவும் சொல்லிடாதே. அண்ணன் மனசு நோகும்," என்றான் கணவன் காலையில். "தனியா ஒரு வீடுன்னு ஆறு வருஷமா உங்களைக் கேக்கறேனே, என் மனசு நோகாதா?" என்று அவள் கேட்க, அவன் குனிந்து சட்டைப் பொத்தானை மாட்டினான்.

இப்போது பள்ளிக்கூட வகுப்பறையில், ஊர் எல்லையில் குறைந்த விலை வீடுகள் நாற்பது கட்ட அனுமதிக்கலாமா என்று கூடிப் பேசுகிறார்கள். கரும்பலகையில் ஒட்டிய வரைபடத்தின் ஒரு மூலை மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க அவளும் கணவனும் அமர்ந்திருக்கிறார்கள். முன்வரிசையில் அவன் அண்ணன் எழுந்து திரும்புகிறார். "கண்டவங்களைக் கொண்டாந்து குடிவைக்கவா? நம்ம ஊர்ல வீடில்லாம யார் இருக்கா? ஒருத்தரைக் காட்டுங்க, முதல் ஆளா நானே கையைத் தூக்கறேன்." நாலைந்து பேர் சிரிக்கிறார்கள். அவருடைய வீட்டுக் கூடத்தில்தான் இவர்கள் இருவரும் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டித் தூங்குகிறார்கள். அவள் தலை குனிந்து கைக்குட்டையை முறுக்குகிறாள். கூட்டத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார். பெஞ்சு கிறீச்சிடுகிறது. எழுந்து நிற்கும் கணவனின் காதுமடல் சிவந்திருக்கிறது. "நாங்க இருக்கோம், அண்ணா," என்கிறான். "எங்களுக்கு ஒரு தனி வீடு வேணும்."